பி.எஸ்.ஏ. 6.2: சுவரில் தெரிந்த ஈரம்

ஆர்.கே.புரத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 63. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மகளின் வற்புறுத்தலால் 'முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்' ஒன்றுக்குச் சம்மதித்திருக்கிறார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் கைப்பேசிக்கு அறிக்கை வந்தது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் சரியாக இருக்க, 'பி.எஸ்.ஏ. 6.2' என்ற ஒரு வரி மட்டும் சிவப்பு எழுத்தில். இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்ற சொல்தான் முதலில் வந்து நிற்கிறது. மூன்று இரவாகத் தூக்கமில்லை என்கிறார். 'எனக்குப் புற்றுநோயா? அடுத்து என்ன செய்ய வேண்டும்?' என்று இரண்டு கேள்விகள்.

கடிதத்தின் கடைசியில் இரண்டு செய்திகளைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். ரத்தம் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பு, டிசம்பர் குளிரில் சளிபிடித்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைச் சாப்பிட்டதில் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் குழாய் செருகி எடுத்தார்கள். இரண்டாவது, கும்பகோணத்தில் இருந்த அவருடைய அப்பா 'இடுப்பு வலி' என்று ஒரு வருடம் படுத்துக் கிடந்து இறந்தார். காரணம் என்னவென்று யாரும் பார்க்கவில்லை. ஐயா, உங்கள் கடிதத்தில் 6.2 என்ற எண்ணைவிட இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அது விளங்கிவிட்டால் நான் சொல்லப்போகிற யோசனைகளில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

நம் 19ஆவது குரோமோசோமில் அக்கம்பக்கமாக 15 மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. கல்லிக்ரீன் குடும்பம் என்று பெயர். ஒவ்வொன்றும் புரதத்தை வெட்டுகிற ஒரு நொதியைச் செய்வதற்கான குறிப்பு. அந்த வரிசையில் கே.எல்.கே.3 என்ற மரபணு செய்கிற நொதிதான் பி.எஸ்.ஏ. ஆணின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல் உட்கார்ந்திருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியின் செல்கள், ஆண் ஹார்மோனின் கட்டளைப்படி இதைச் சுரக்கின்றன. விந்து வெளியானதும் முதலில் கூழ்போல உறைகிறது. செமினோஜெலின் என்ற புரதங்கள் வலைபோலப் பின்னிக்கொள்வதால் அப்படி ஆகிறது. பி.எஸ்.ஏ. அந்த வலையைக் கத்தரித்து விடுகிறது. கால் மணி, அரை மணி நேரத்தில் கூழ் நீர்த்துப்போக, விந்தணுக்கள் நீந்தத் தொடங்குகின்றன. வேண்டாத இடத்தில் வெட்டிவிடாதபடி இதற்குப் பூட்டும் உண்டு. சுரப்பிக்குள் துத்தநாகம் இந்த நொதியை அடக்கி வைத்திருக்கிறது. விந்துப்பையிலிருந்து வரும் செமினோஜெலின் அந்தத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் கத்தி உறையிலிருந்து வெளியே வருகிறது. சந்ததிக்காக உடல் செய்து வைத்திருக்கிற ஏற்பாடு இது. நோய்க்கும் இதற்கும் பிறப்பால் எந்தத் தொடர்பும் இல்லை.

விந்தில் இது மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. ரத்தத்திலோ நானோகிராம் கணக்கில், அதாவது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உங்கள் மொட்டை மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. கீழே அறைச் சுவரில் லேசாக ஈரம் தெரிகிறது. ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. அந்த ஈரம். ஈரம் அதிகமானால் ஏதோ கசிகிறது என்று பொருள். தொட்டி பெரிதாகியிருக்கலாம். யாராவது குழாயைத் தட்டி ஆட்டியிருக்கலாம். அழற்சியால் பூச்சு உதிர்ந்திருக்கலாம். அல்லது சுவரையே ஏதாவது அரித்துக்கொண்டிருக்கலாம். புற்றுநோய் அந்தக் கடைசி வகை. பலரும் நினைப்பதுபோல் புற்றுச்செல் பி.எஸ்.ஏ.வை அள்ளிக் கொட்டுவதில்லை. ஒரு செல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் நல்ல செல்லைவிடக் குறைவாகத்தான் செய்கிறது. ஆனால் சுரப்பியின் ஒழுங்கான அறைகளையும் அவற்றின் அடித்தளச் சவ்வையும் அது குலைத்து விடுவதால், குழாய்க்குள் போக வேண்டியது நேராக ரத்தத்துக்குள் வழிகிறது.

இந்த ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் 6.2க்கு வருவோம். பத்து நாள் முன்பு சிறுநீர் அடைத்தது, குழாய் செருகினார்கள். சுரப்பியின் நடுவே போகிற வழியில்தானே அந்தக் குழாய் போகிறது! இந்த நிலையில் எடுத்த பி.எஸ்.ஏ.வை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்றால், இந்த அறிக்கை அதற்குப் பதிலே சொல்லவில்லை என்பதுதான் நேர்மையான விடை.

ஆகவே முதல் வேலை, அடைப்பு ஏற்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுப்பது. பி.எஸ்.ஏ. ரத்தத்தில் இரண்டு மூன்று நாளில் பாதியாகக் குறைந்துவிடும். பிறகு ஏன் ஆறு வாரம் என்று கேட்கலாம். புண்பட்ட சுரப்பி ஆறும்வரை கசிவு நிற்காது, அதனால்தான். சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோடு கூடிய ப்ராஸ்டேட் அழற்சியோ வந்தவர்களுக்கும் இதே கணக்குத்தான். இடையில் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் செய்து தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தொற்று இல்லாதபோது 'எண்ணை இறக்குவதற்காக' என்று ஆன்டிபயாடிக் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். மருந்துக்குப் பணியாத கிருமிகள் நம் ஊரில் ஏற்கெனவே அதிகம். பின்னால் உங்களுக்கு பயாப்ஸி தேவைப்பட்டால் அந்தக் கிருமிகள்தான் தொந்தரவு கொடுக்கும்.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவு வேண்டாம், சைக்கிள் ஓட்ட வேண்டாம். முதல் முறை கொடுத்த ஆய்வகத்திலேயே கொடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பி.எஸ்.ஏ.வை அளக்கும் கருவிகளில் இரண்டு விதமான தர அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே ரத்தம் ஒன்றில் 5 என்றும் இன்னொன்றில் 4 என்றும் வரலாம். கரோல்பாக்கில் ஒரு முறை, மயூர் விஹாரில் ஒரு முறை என்று கொடுத்துவிட்டு 'ஏறிவிட்டது' என்று பதறுபவர்களை ஆய்வக வாழ்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறேன். முடி, நகம் வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆய்வகத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளை ஏமாற்றி எண்ணைக் குறைத்துக் காட்டும். இதைவிட முக்கியம் ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு மருந்துகள். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு இவற்றை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகிவிடும். அறிக்கையில் 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். வழுக்கைக்காக ஃபினாஸ்டரைடு குறைந்த அளவில் சாப்பிடும் இளையவர்களுக்கும் இது பொருந்தும். சிவப்பு எழுத்து வராததால் 'நார்மல்' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

சளி மருந்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெல்லிக் குளிரில் ஒவ்வொரு வருடமும் வயதான ஆண்கள் சிறுநீர் அடைத்து அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். மூக்கடைப்பைத் திறக்கிற சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின், தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்துகள் எல்லாம் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும் அல்லது பையைச் சோர்வடையச் செய்யும். ப்ராஸ்டேட் ஏற்கெனவே வீங்கியிருந்தால் முழு அடைப்பு. 60 தாண்டியவர்கள் மருந்துக்கடையில் சளி மாத்திரை கேட்கும்போது 'எனக்கு ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை.

ஆறு வாரம் கழித்து எண் 4க்குக் கீழே இறங்கிவிட்டால்? அல்லது 6லேயே நின்றால்? ஆய்வகங்கள் எல்லையாகப் போடும் 4 என்பதற்குத் தெய்வீகம் எதுவும் கிடையாது. 1979இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் இந்தப் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். 1986இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது, ஏற்கெனவே புற்றுநோய் கண்டவர்களைக் கண்காணிக்க மட்டுமே. கண்டுபிடிப்பதற்குத் துணையாகப் பயன்படுத்தும் அனுமதி 1994இல்தான் வந்தது. 2004இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பி.எஸ்.ஏ. 4ஐத் தாண்டாத ஆண்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்தபோது 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. பெரும்பாலும் வீரியம் குறைந்தவை. மறுபுறம் 4க்கும் 10க்கும் இடையில் இருப்பவர்களில், மேலை நாட்டுக் கணக்குப்படி, நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். மீதி மூன்று பேருக்குத் தொட்டி பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் எண் இறங்கினாலும் அத்தோடு மறந்துவிடாதீர்கள். எவ்வளவு இடைவெளியில் மறுபடி பார்ப்பது என்பதைக் குடும்ப வரலாற்றையும் சேர்த்துச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்காமல் நின்றால், தொட்டியின் அளவைக் கேளுங்கள். குழாய் போட்டபோதே உங்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்திருப்பார்கள். அந்த அறிக்கையில் ப்ராஸ்டேட் எத்தனை கிராம் அல்லது சி.சி. என்று இருக்கும். பி.எஸ்.ஏ.வை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 6.2ஐ 60ஆல் வகுத்தால் 0.10, இவ்வளவு பெரிய சுரப்பிக்கு அவ்வளவு ஈரம் இயல்புதான். அதே 6.2ஐ 30ஆல் வகுத்தால் 0.21, சின்னச் சுரப்பியிலிருந்து இவ்வளவு கசிவு ஏன் என்று விசாரிக்க வேண்டியதுதான். 0.15 என்பதை எல்லைக்கோடாக மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கையில் இருக்கிற இரண்டு காகிதங்களை வைத்து, காசு செலவில்லாமல், வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு இது. போட்டுக்கொண்டு போய் யூராலஜி மருத்துவரிடம் காட்டுங்கள்.

'ஃப்ரீ பி.எஸ்.ஏ.' என்ற இன்னொரு பரிசோதனையும் இந்த இடைப்பட்ட அளவில் உதவும். வெட்டும் கத்தி ரத்தத்தில் திரிவதை உடல் விடாது. கல்லீரல் செய்கிற தடுப்புப் புரதம் ஒன்று அதைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. சாதாரண வீக்கத்தில், சுரப்பிக்குள்ளேயே மழுங்கிப்போன பி.எஸ்.ஏ.தான் அதிகம் கசிகிறது. மழுங்கிய கத்தியை யாரும் கட்ட வேண்டியதில்லை, அது தனியாகத் திரியும். புற்றுநோயில் கட்டுண்டதன் பங்கு கூடுகிறது. அதனால் தனித்துத் திரிவதன் விகிதம் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆறுதல், 10க்குக் கீழே இருந்தால் கவலை.

அடுத்து எம்.ஆர்.ஐ. பயாப்ஸிக்குப் பிறகு என்று தள்ளாமல், முன்னால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 11 நாடுகளில் 500 ஆண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இதை உறுதிப்படுத்தியது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் வீரு காசிவிஸ்வநாதன். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குப் பயாப்ஸியே தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களிடம் குறிபார்த்து ஊசி போட்டதால், கவனிக்க வேண்டிய புற்றுநோய் 38 சதவீதம் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய முறையில் 26தான். அறிக்கையில் 'பை-ராட்ஸ்' என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் இருக்கும். 1, 2 என்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். 4, 5 என்றால் பயாப்ஸி செய்துதான் ஆக வேண்டும். 3 என்றால்தான் நீங்கள் வகுத்துப் போட்ட அந்தக் கணக்கு கைகொடுக்கும்.

பயாப்ஸி என்று வந்தால் ஊசி எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். ஆசனவாய் வழியாகவும் செய்யலாம், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாகவும் செய்யலாம். இரண்டாவதில் தொற்று குறைவு. வசதி உள்ள இடமென்றால் அதையே கேளுங்கள். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சி.ஜி.எச்.எஸ். அட்டை உள்ளவர்கள் பழைய ரத்த அறிக்கைகள், ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கி எடுத்துப்போனால், எய்ம்ஸோ சஃப்தர்ஜங்கோ, கூட்டமான ஓ.பி.டி.யில் கிடைக்கும் ஐந்து நிமிடமும் வீணாகாது.

ஒருவேளை பயாப்ஸியில் புற்றுநோய் என்றே வந்தாலும், அன்றைக்கே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவை, ஒரு குழுவுக்குக் கதிரியக்கம், ஒரு குழுவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்த நோயால் சாகவில்லை. ஆரம்ப நிலையில், வீரியம் குறைந்த வகைக்கு, ஒழுங்காகக் கண்காணித்து வருவதே சிகிச்சை. ஆண்மைக் குறைவு, சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஆகிய விலைகளைத் தேவையில்லாமல் கொடுத்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'அப்படியானால் இந்தப் பரிசோதனையே வேண்டாமே' என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. எய்ம்ஸில் இயங்கும் டெல்லிப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ப்ராஸ்டேட் முன்வரிசையில் இருக்கிறது. அரசின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் இவற்றுக்குத்தான் முன்சோதனை உண்டு, ப்ராஸ்டேட்டுக்கு இல்லை. மேலை நாடுகளில் பிரச்சினை தேவைக்கு மேல் கண்டுபிடிப்பது. நம்மிடம் பலர் எலும்புக்குப் பரவிய பிறகுதான் வருகிறார்கள். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் சுமார் 1,62,000 ஆண்களை 23 வருடம் தொடர்ந்த ஆய்வின் கணக்கு 2025இல் வந்தது. பி.எஸ்.ஏ. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்நோயால் சாவது 13 சதவீதம் குறைந்தது. ஒரு சாவைத் தடுக்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது, கூடுதலாக 12 பேருக்கு நோய் கண்டறிய வேண்டியிருந்தது. சின்ன லாபம், ஆனால் உண்மையான லாபம். பேக்கேஜில் தானாகச் சேர்ந்து வருவதாக இல்லாமல், தெரிந்து கேட்டுச் செய்துகொள்வதாக இது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 50 வயதுக்கு மேல் மருத்துவரிடம் பேசிவிட்டு ஒரு முறை பாருங்கள். அப்பா, அண்ணன் தம்பிக்கு இருந்தால் 45இல். குடும்பத்தில் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக் கோளாறு தெரிந்திருந்தால் 40இல். பெண்களின் மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு பேசப்படும் அதே மரபணுதான். அக்கா தங்கைக்கு அந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்த வீட்டில் ஆண்களும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 60 வயதில் பி.எஸ்.ஏ. 1க்குக் கீழே இருந்தால் பிற்காலத்தில் இந்நோயால் ஆபத்து வர வாய்ப்பு மிகக் குறைவு. வருடா வருடம் பார்க்க வேண்டாம். 75ஐத் தாண்டி, தொந்தரவு ஒன்றும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம்.

பி.எஸ்.ஏ. சந்தேகத்துக்கு இடமில்லாமல் பேசுகிற இடம் ஒன்று உண்டு. ப்ராஸ்டேட்டை முழுவதுமாக எடுத்துவிட்ட பிறகு தொட்டியே இல்லை. ஆறு வாரத்தில் ஈரம் வற்றிவிட வேண்டும். பிறகு 0.2ஐ எட்டித் திரும்ப ஏறினால் எங்கோ செல்கள் மிஞ்சியிருக்கின்றன. அந்த இடத்தைத் தேட இப்போது பயன்படும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன்கூட இன்னொரு வெட்டும் நொதியைத்தான் அடையாளமாகப் பிடிக்கிறது. குடலில் அந்த நொதி கீரையில் வரும் ஃபோலேட்டை உடல் ஏற்கும்படி நறுக்கிக் கொடுக்கிறது. ப்ராஸ்டேட் புற்றுச்செல்லின் மேல்பரப்பில் அடர்ந்து நிற்கிறது. அதில் ஒட்டும் மருந்தோடு கதிரியக்கத் தனிமத்தை இணைத்து நோய்க்குள்ளேயே கொண்டுசேர்க்கும் சிகிச்சையும் வந்துவிட்டது. நம் எய்ம்ஸின் அணு மருத்துவத் துறை லுடீசியம்-177, ஆக்டினியம்-225 இரண்டையும் இப்படிப் பயன்படுத்தி, முடிவுகளை உலகப் பத்திரிகைகளில் வெளியிட்டிருக்கிறது.

இதை வாசிக்கிற மனைவியருக்கும் மகள்களுக்கும் ஒன்று. அப்பா இரவில் நாலு முறை எழுந்து போவதும், வெளியே கிளம்பினால் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்ப்பதும் உங்கள் கண்ணில்தான் படும். அவர் சொல்ல மாட்டார். அது பெரும்பாலும் சாதாரண வீக்கம்தான், மருந்தில் சரியாகும். ஆனால் சிறுநீரில் ரத்தம், படுத்தாலும் விடாத முதுகு அல்லது இடுப்பு எலும்பு வலி, காரணம் தெரியாத மெலிவு இருந்தால் ஆறு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். முதுகு வலியோடு கால் திடீரென்று பலமிழந்தாலோ மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு. புற்று முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை நெருக்கும்போது, சில மணி நேரத் தாமதம் ஒருவரைப் படுக்கையில் போட்டுவிடும்.

ஐயா, உங்கள் அப்பாவின் இடுப்பு வலி என்னவாக இருந்தது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. அது இதுவாகவும் இருந்திருக்கலாம் என்று மனத்தில் வைத்து, மருத்துவரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். பிப்ரவரிக் கடைசியில் அதே ஆய்வகத்துக்குப் போய் ரத்தம் கொடுங்கள். அல்ட்ராசவுண்ட் காகிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள். கும்பகோணத்தில் உங்கள் தம்பி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இன்று இரவு போன் செய்யுங்கள்.